கஞ்சித் தொட்டியும் கடல் கடந்த கருணையும்

வடசென்னையிலே ஒரு பெரிய மருத்துவமனை உண்டு. அரசினர் ஏட்டிலே அதன் பெயர் ஸ்டான்லி மருத்துவமனை. ஆனால் ராயபுரத்து மீனவரையோ, வண்ணாரப்பேட்டைத் தொழிலாளியையோ கேட்டுப் பாருங்கள். மூத்தோர் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே கூறுவர். நோய் தீர்க்கும் இடத்துக்குக் கஞ்சித்தொட்டி என்ற பெயர் எப்படி வந்தது?

1782-ஆம் ஆண்டு. ஐதர் அலிக்கும் கும்பினியாருக்கும் மூண்ட போரிலே ஊர்ப்புறங்கள் பாழாயின. வயல் காய்ந்தது, களஞ்சியம் ஒழிந்தது, பஞ்சம் பரவியது. பிழைக்க வழி தேடிச் சென்னைக்கு ஓடி வந்த மக்களுக்கு மணியக்காரர் ஒருவரின் முயற்சியால் கஞ்சி வார்க்கப்பட்டது. அவ்விடம் மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. கஞ்சிக்கு வந்தவர்கள் வெறும் பசியோடு வரவில்லை, பிணியோடும் வந்தனர். ஆகவே சத்திரத்தை ஒட்டி மருந்தகம் எழுந்தது. மருந்தகம் மருத்துவமனையாக வளர்ந்தது. போரில் வென்றவன் யார், தோற்றவன் யார் என்று பாடநூல் விளக்கமாகக் கூறுகிறது. மக்கள் நினைவிலே தங்கியதோ தொட்டியும் கஞ்சியும்தான்!

உலகப் பசியை ஒழிக்க நாடு கடந்து பாடுபட்ட பொதுநல அமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர், ஆக்ஸ்ஃபோர்டிலே தொடங்குவர். இல்லையேல் ரோம் நகரிலே தொடங்குவர். நாம் சென்னையிலே தொடங்குகிறோம். ஊர்ப்பற்றால் அல்ல. ஒரு நாட்டின் பட்டினிக்காக மற்றொரு நாட்டின் மக்கள் குழு அமைத்து, பணம் திரட்டி, கடல் கடந்து அனுப்பிய பெரு முயற்சிகளுள் ஒன்று இம்மாநகரின் பெயரால்தான் நடைபெற்றது. அதன் பெருமையையும் பார்க்க வேண்டும். அது எங்கே வந்து முட்டி நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் நம் வீட்டுக் கணக்கைச் சற்றுப் புரட்டுவோம். 'அன்னதானம் நமக்குப் புதிதா? சத்திரமும் சாவடியும் கட்டிய நாடல்லவா இது?' என்பர் வைதீக நண்பர்கள். கட்டினார்கள், மறுக்கவில்லை. கட்டியது யார், உண்டது யார் என்பதே நம் கேள்வி. 1904-இல் காசிக்குச் சென்ற ஈரோட்டு இளைஞர் ஒருவர், பசி தாங்காமல் சத்திரத்து வாயிலிலே நின்ற வரலாறு தோழர்கள் அறியாததல்ல. பார்ப்பனர்க்கு மட்டுமே உணவு என்று அவரை வெளியே தள்ளினர். எறிந்த எச்சில் இலையிலே இருந்ததை உண்டு பசியாறினார் அவர். நிமிர்ந்து பார்த்தால், அச்சத்திரத்தைக் கட்டியவர் நம்மவரான ஒரு வணிகர் என்று வாயிலிலே பொறித்திருந்ததாம்! தானம் என்பது பசித்தவனைப் பார்த்து இடப்படுவதல்ல, பிறப்பைப் பார்த்து இடப்படுவது என்ற பாடத்தைப் பெரியார் கற்றது ஏட்டிலிருந்து அல்ல, இலையிலிருந்து.

இதற்கு மாறாக நின்றவரும் நம்மிடையே இருந்தார். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரிலே இராமலிங்க அடிகள் தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் பகுதிகளிலும் பஞ்சம் கோரத் தாண்டவம் ஆடியிருந்தது. அடிகளின் சாலையிலே கேள்வி ஒன்றுதான்: பசிக்கிறதா? குலம் என்ன, சமயம் என்ன என்று கேட்பார் இல்லை. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. அடிகளின் இறைக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆனால் சாதி கேட்காத சோறு அது. அந்த அளவிலே பகுத்தறிவாளர் தலைவணங்கத் தயங்கத் தேவையில்லை. எனினும் ஓர் உண்மையை உணர வேண்டும். ஒரு சாலை எத்தனை வயிற்றைக் காக்கும்? ஒன்பது ஆண்டுகளில் அந்தச் சோதனை வந்தது.

1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் என்று தென்னாடு முழுவதும் வறண்டது. தாது ஆண்டுப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது இதைத்தான். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்திலே மாண்டவர் தொகை, குறைந்த கணக்கின்படியே 50 லட்சத்தைத் தாண்டும். சோதிடர் கிரகத்தைக் காட்டினார்; புராணிகர் கர்மத்தைக் காட்டினார்; ஆட்சியாளர் வானத்தைக் காட்டினர். மூவரும் காட்டாத இடம் ஒன்று உண்டு. அதுதான் சென்னைக் கடற்கரை.

அக்கடற்கரையிலே தானியம் குவிந்து கிடந்தது! கப்பல் கப்பலாக வந்திறங்கிய அரிசி மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டு, காவலர் சூழ்ந்து நிற்க, அவற்றின் எதிரே எலும்புக்கூடுகளாக மக்கள் விழுந்து மடிந்தனர். அரிசி இல்லாமல் சாகவில்லை. அரிசி வாங்கக் காசில்லாமல் செத்தனர். வயலிலே வேலை இல்லை, ஆகவே கூலி இல்லை. கூலி இல்லாதவனுக்குச் சந்தையிலே இடமில்லை. விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. புதிதாகப் போட்ட இருப்புப் பாதை பஞ்சம் தீர்க்கும் என்றனர். அதே பாதை, விலை குறைந்த ஊரிலிருந்த தானியத்தை விலை கூடிய ஊருக்கு வணிகர் வாரிச் செல்லவும் வழியாயிற்று. இந்தியக் கோதுமை அதே ஆண்டுகளிலே இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அரசு வணிகத்தில் தலையிடக் கூடாது என்பது லிட்டன் பிரபுவின் வேதம். வைதீகனுக்கு மனுநூல் எப்படியோ, அப்படி அந்த வைசிராய்க்குச் சந்தை விதி. 1877 சனவரி முதல் நாள், விக்டோரியா அம்மையாரை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டில்லியிலே தர்பார் கூடியது. அங்கே விருந்து, இங்கே பிணம்.

அந்தச் சனவரியிலேதான் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார் பஞ்ச ஆணையராகத் தெற்கே அனுப்பப்பட்டார். அவரது கதை வேடிக்கையும் வேதனையும் கலந்தது. 1874-இல் பீகாரிலே பஞ்சம் தலைகாட்டியபோது, இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வருவித்துத் தாராளமாக வழங்கினார். சாவு மிகக் குறைவாயிற்று. பாராட்டினார்களா? இல்லை! பணத்தை வீணடித்தார் என்று பழித்தனர். உயிரைக் காத்ததற்காகத் திட்டு வாங்கிய அவர், சென்னையிலே சிக்கனத்தின் சின்னமாக வந்து நின்றார். பஞ்ச நிவாரண வேலையிலே நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு இறாத்தல் தானியம், ஓரணாக் காசு. பெண்ணுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றிலே நிலைத்துவிட்டது அந்தப் பெயர்.

எதிர்த்துக் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் போராட்டக்காரர் அல்லர், அரசு ஊழியர். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை இறாத்தல் தானியமாவது வேண்டும், அதனோடு காய்கறியும் பருப்பும் வேண்டும், சிறையிலே கிடக்கும் கைதிக்குக் கொடுப்பதைக்கூட உழைக்கும் குடியானவனுக்குக் கொடுக்க மறுப்பது என்ன நீதி என்று எடை போட்டு, அளந்து, எண்ணிக் காட்டினார். ஆய்வு நடத்தி ஆணவத்தை எதிர்த்த அந்த மருத்துவரை நம் பள்ளிப் பாடங்கள் ஒரு வரியிலாவது சொல்லலாம். 1877-இலேயே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் மண்ணோடு மண்ணானார்களோ!

அந்த வேலையின் சின்னம் ஒன்றை மயிலாப்பூரிலே இன்றும் காணலாம். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டும் பணி 1877-78-இல் பஞ்ச வேலையாக நடத்தப்பட்டது. வெட்டியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். ஆகவே பக்கிங்காம் கால்வாய்! இன்று அதன்மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது. கீழே சாக்கடை ஓடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்போர், பட்டினி கிடந்தவர் வெட்டிய வாய்க்கால் அது என்பதை ஒரு கணம் எண்ணட்டும்.

இனி, கடல் கடந்த கருணைக்கு வருவோம்.

சென்னையிலே அப்போது 'மெட்ராஸ் டைம்ஸ்' என்ற ஆங்கில நாளேடு. அதன் ஆசிரியர் வில்லியம் டிக்பி; முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர். வெள்ளையர்தாம், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளாத வெள்ளையர். பஞ்சத்தின் கொடுமையை ஏட்டிலே எழுதினார்; எழுதியதோடு நில்லாமல் இயங்கினார். 1877 ஆகஸ்டிலே சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. இங்கிலாந்து மக்களின் உதவியை நாடுவது என்று முடிவாயிற்று. லண்டன் மேயருக்குத் தந்தி பறந்தது. மேயரின் இல்லமான மான்ஷன் ஹவுசிலே நிதி திறக்கப்பட்டது. லிட்டனுக்கு இது பிடிக்கவில்லை. அரசின் கொள்கையைக் குறை கூறுவதுபோல் அல்லவா இருக்கிறது என்று அவர் முகம் சுளித்தார். பசித்தவனுக்குச் சோறு கேட்பது ஆட்சிக்கு அவமானமாகத் தோன்றியது. அவன் செத்ததோ அவமானமாகத் தோன்றவில்லை!

பணம் வந்தது. லண்டன் சீமான்கள் தந்தார்கள். அதிலே வியப்பில்லை. லங்காஷயர் பஞ்சாலைப் பகுதி தனியே நிதி திரட்டியது. அதுதான் நாம் நின்று நோக்க வேண்டிய இடம். 1860-களிலே அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் ஆலைகள் மூடப்பட்டு, கஞ்சி வரிசையிலே நின்ற மக்கள் அவர்கள். நம் நெசவாளரின் தறியை மண்டியிடச் செய்த ஆலைகள் அந்த ஊர் ஆலைகள் என்பது உண்மை. ஆனால் ஆலையின் இலாபம் தொழிலாளிக்குப் போகவில்லை. பட்டினியின் சுவை மட்டும் அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் உதவி வந்தது. செவிலியர் உலகின் தாயான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நம் குடியானவரின் நிலைபற்றி எழுதி, ஆங்கில நாட்டின் மனச்சான்றைத் தட்டினார். மொத்தம் 8 லட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. அதை ஏறத்தாழ 120 உள்ளூர்க் குழுக்கள் வழியே பங்கிட்ட செயற்குழுவின் மதிப்புறு செயலாளர் டிக்பியேதான்.

அந்நிதி என்ன செய்தது? அரசின் முகாமுக்கு வர முடியாதவரைத் தேடிச் சென்றது. அனாதைக் குழந்தைகளுக்கு உதவியது. மழை பெய்த பின் விதையில்லாமல், மாடில்லாமல், கூரையில்லாமல் நின்ற உழவனுக்கு விதையும் மாடும் வாங்க, குடிசை போடக் காசு கொடுத்தது. இது நல்ல அறிவு. கஞ்சி இன்றைய பசிக்கு. விதை நாளைய பசிக்கு. பின்னாளில் உலகத் தொண்டு நிறுவனங்கள் மாநாடு போட்டுக் கண்டறிந்த கொள்கையை, 1877-இலேயே செங்கற்பட்டிலும் கடப்பையிலும் செய்து பார்த்துவிட்டார்கள் எனலாம்.

ஆனால் அந்நிதியின் கணக்கிலே நமக்கு உறுத்துவது ஒன்று உண்டு. 'மதிப்புக்குரிய ஏழைகள்' என்று ஒரு பிரிவு. முகாமிலே பிறர் சமைத்ததை உண்டால் சாதி கெடும் என்று பட்டினி கிடந்த மேல் சாதியாருக்கும், வெளியே வராத பெண்களுக்கும் வீடு தேடி உதவி. பெண்களை வீட்டிலே பூட்டி வைத்த கொடுமைக்கு நிதியைக் குறை கூற முடியாது. ஆயினும் சேரியிலிருந்து வந்தவன் மண் சுமந்து ஒரு இறாத்தல் பெற, சாதிப் பெருமை சுமந்தவன் சுமையில்லாமல் பெற்றான் அல்லவா? கடல் கடந்து வந்த கருணைகூட நம் கரையிலே கால் வைத்ததும் சாதி கேட்கக் கற்றுக்கொண்டது!

மற்றொன்றும் கூற வேண்டும். 8 லட்சம் பவுன் பெருந்தொகைதான். ஆனால் அது வருவதற்குள் பஞ்சம் ஓராண்டைத் தின்றுவிட்டது. வரி வசூல், ஏற்றுமதி, கூலி அனைத்தும் அரசின் கையில் இருக்க, தருமநிதி அவற்றைத் தொட முடியவில்லை. தொண்டர் ஒரு கையால் ஊட்ட, ஆட்சி இரு கையால் பறித்தது. பிழைக்க எண்ணியோர் கூட்டங்கூட்டமாக இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். மலைநாட்டுத் தமிழரின் கண்ணீர்க் கதையிலே இப்பஞ்சமும் ஓர் அதிகாரம். 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்சச் சட்டத் தொகுப்பு வந்தது. எப்போது பஞ்சம் என்று அறிவிப்பது, எப்போது வேலை திறப்பது என்று விதி வகுத்தனர். தோழர்களே, கவனியுங்கள்: உண்ணும் உரிமை அதில் இல்லை, உயிர் போகாமல் பார்க்கும் ஏற்பாடு மட்டுமே இருந்தது.

உரிமையின் முதல் கீற்று வேறொரு தெருவிலே தோன்றியது. வடபழனியிலிருந்து ஆற்காடு சாலை வழியே கோடம்பாக்கம் தாண்டினால் தியாகராய நகர். நகைக்கும் புடவைக்கும் அங்கே முண்டியடிக்கும் கூட்டத்திலே, அந்தத் தியாகராயர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவார்கள்? நீதிக்கட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராயர் அவர். அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரிலே, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரத் தீர்மானம் நிறைவேறியது. செலவு, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல்! டெம்பிள் கொடுத்த அதே ஓரணா. அது மண் சுமப்பவனுக்கு. இது எழுத்து படிப்பவனுக்கு. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23-இல் அவ்வைந்து பள்ளிகளில் 811 பேர். 1924-25-இல் 1,671 பேர். சோறு கண்டதும் எண்ணிக்கை இரட்டித்தது. வறுமையால் வராதவரை 'படிப்பு ஏறாத சாதி' என்று பழித்தவர் வாயை அடைக்க இந்த இரண்டு எண்கள் போதும்.

அத்திட்டம் என்ன ஆயிற்று? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில ஆட்சி மறுத்தது. 1925 ஏப்ரல் முதல் நாள் அடுப்பு அணைந்தது. அவ்வாண்டே தியாகராயரும் மறைந்தார். அதே காலத்திலேதான் சேரன்மாதேவிக் குருகுலத்திலே பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி, மற்றவருக்குத் தனிப்பந்தி என்று நடந்ததை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலுவும் போர்க்குரல் எழுப்பினர். ஒரு பக்கம் சோற்றை நிறுத்தினர். மறுபக்கம் பந்தியைப் பிரித்தனர். தமிழகத்தில் உணவுப் போராட்டத்துக்கு இரு முகம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காலம் வேறில்லை.

உலகம் இதற்குள் மற்றொரு போரிலே இறங்கியிருந்தது. 1942-இல், செருமானியர் கைப்பற்றிய கிரேக்க நாடு, நேச நாடுகளின் கடல் முற்றுகையால் பட்டினி கிடந்தது. எதிரியின் பிடியிலிருந்தாலும் குழந்தை குழந்தைதானே என்று ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தார் சிலர் குழு அமைத்தனர். ஆக்ஸ்ஃபாம் அப்படிப் பிறந்தது. மறு ஆண்டு வங்கத்திலே பஞ்சம். 30 லட்சம் பேர் வரை மாண்டனர் என்பர். 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், கல்கத்தா வீதியிலே கிடந்த பட்டினிப் பிணங்களின் படங்களை 1943 ஆகஸ்டிலே வெளியிட்டு மறைப்பைக் கிழித்தார். சென்னையிலே டிக்பி, கல்கத்தாவிலே ஸ்டீபன்ஸ். பஞ்சத்தை ஒழிப்பதிலே பேனாவுக்குப் பங்கு உண்டு. மக்களாட்சியும் தடையற்ற ஏடுகளும் உள்ள நாட்டிலே பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்று பின்னாளில் அமர்த்தியா சென் கூறியதற்குச் சான்று தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

வங்கப் பஞ்சக் காலத்திலே அங்கே நிவாரணப் பணியில் இருந்த அதிகாரி பினய் ரஞ்சன் சென். அவரே பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்குத் தலைமை இயக்குநரானார். 1960-இல் 'பசியிலிருந்து விடுதலை' என்னும் உலக இயக்கத்தை அவர் தொடங்கினார். அரசுகளோடு மட்டும் பேசினால் போதாது, மாணவர், மாதர், தொழிலாளர் சங்கங்கள், சமய அமைப்புகள் அனைத்தும் இறங்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. நாடு நாடாகக் குழுக்கள் தோன்றின. செருமனியிலே 1962-இல் அமைந்த குழுதான் இன்றைய 'வெல்ட்ஹுங்கர்ஹில்ஃபே'. உலகப் பசிக் குறியீட்டுப் பட்டியலில் இந்தியா கடைசி வரிசைகளிலே நிற்கிறது என்று ஆண்டுதோறும் சொல்லி, டில்லி ஆட்சியாளரைச் சினங்கொள்ள வைக்கும் அமைப்புகளுள் அதுவும் ஒன்று. கல்கத்தா வீதியிலே கண்ட காட்சி ஒன்று, உலகைச் சுற்றி வந்து டில்லியின் கதவைத் தட்டுகிறது!

மீண்டும் தமிழகம். 1956-இல் காமராசர் ஆட்சியிலே பகலுணவுத் திட்டம் விரிந்தது. கல்வித் துறையின் தலைமையில் இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு, சுயமரியாதைக் கொள்கையில் தோய்ந்தவர். அரசின் பணம் போதவில்லை. ஊர் மக்கள் ஈந்தனர். ஓர் உணவுக்கு 10 காசு என்றால் 6 காசு அரசு, 4 காசு ஊர். பிடி அரிசியும் சுரைக்காயும் கொண்டுவந்து கொடுத்த ஏழைத் தாய்மார்களே இந்நாட்டின் முதல் பொதுநலத் தொண்டு நிறுவனம் என்று நாம் கூறுவோம். பதிவெண் கிடையாது, அவ்வளவே! 1961-இல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான 'கேர்' இதிலே சேர்ந்தது. போருக்குப் பின் ஐரோப்பிய மக்களுக்கு உணவுப் பொட்டலம் அனுப்ப 1945-இல் தோன்றிய அமைப்பு அது. பால்மாவும் சமையல் எண்ணெயும் அதன் வழியே வந்தன. 1967 முதல் மையச் சமையற்கூடங்கள் எழவும் அது துணை நின்றது. அந்தப் பால்மாவின் மணத்தை மறவாத பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

இங்கே தோழர்கள் சிலர் குறுக்கிடுவர்: 'அது அமெரிக்காவின் உபரி, அதை வாங்கி உண்டது அடிமைத்தனமல்லவா?' கேள்வி நியாயமானது. பி.எல். 480 என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த தானியத்தை வைத்து, 1965-66 வறட்சியின்போது அமெரிக்கத் தலைவர் ஜான்சன் என்ன செய்தார்? மாதாமாதம் கயிற்றைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக, கப்பலைக் கணக்குப் பார்த்து அனுப்பினார். வியட்நாம் போரைப்பற்றி இந்தியா பேசியது அவருக்குக் கசந்தது. அரசு தரும் உதவிக்கு ஒரு கயிறு உண்டு. ஆனால் ஆட்சியாளன் இறுக்கிய கயிற்றுக்காக, அந்த நாட்டுப் பொதுமக்களின் நல்லெண்ணத்தைத் தூற்றுவது அறிவாகாது. பிள்ளை குடித்த பால் பால்தான். பிறர் கையை நம்பியே என்றென்றும் பந்தி போட முடியாது என்பதே அதிலே நாம் கொள்ள வேண்டிய பொருள்.

அதைத் தமிழகம் புரிந்துகொண்டது. அரிசித் தட்டுப்பாடு கொதித்த ஆண்டு அது. 1967 தேர்தலிலே 'ரூபாய்க்கு மூன்று படி' என்றார் அண்ணா. வென்றதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தரத் தொடங்கினார். கருவூலம் இடங்கொடாததால் அதற்கு மேல் விரிக்க இயலவில்லை. 'மூன்று படி எங்கே?' என்று எள்ளியோர் உண்டு. எள்ளியோர் காணாதது ஒன்று: அரிசி விலை என்பது வாக்குக் கேட்கும் மேடைக்கு வந்துவிட்டது. லிட்டனிடம் எவரும் வாக்குச் சீட்டோடு கணக்குக் கேட்க முடிந்ததா? 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-இல் கலைஞர் ஆட்சியிலே முட்டை, பின்னர் ஏறத்தாழ இலவசமாகவே பங்கீட்டு அரிசி என்று, ஆட்சி மாறினாலும் அடுப்பு மாறாத நிலை இங்கே உருவாயிற்று. ஒருவரையொருவர் பழிக்கும் கட்சிகள் உலையிலே மட்டும் போட்டி போட்டன. நல்ல போட்டி!

உலக அரங்கிலும் பேச்சு மாறியது. 1993-இல் உழவர் அமைப்புகள் கூடி 'லா வியா காம்பெசினா' என்னும் பன்னாட்டு இயக்கம் கண்டன. 1996-இல் ரோமிலே உலக உணவு உச்சி மாநாடு நடந்தபோது, 'உணவு இறையாண்மை' என்ற முழக்கத்தை அது முன்வைத்தது. என்ன விதைப்பது, எப்படி விற்பது என்பதை உழவனும் உண்பவனும் முடிவு செய்ய வேண்டும், கம்பெனியும் சந்தையும் அல்ல என்பது அதன் சாரம். இதுவரை பசித்தவனுக்காகப் பிறர் பேசினர். இப்போது அவனே பேசினான்.

இந்தியாவிலே அது நீதிமன்றத்துக்கு வந்தது. 2001-இல் இராசத்தான் வறட்சியால் வாடியது. அரசின் கிடங்குகளிலோ தானியம் மட்கிக் கிடந்தது. சென்னைக் கடற்கரையிலே 1877-இல் கண்ட அதே காட்சி! மக்கள் குடிமை உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 28-இல், அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் சமைத்த நண்பகல் உணவு தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஆணை பிறந்தது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்ட மாநிலங்களிலே முன்னின்றது தமிழகம். ஆயிரம் விளக்கிலே ஏற்றிய அடுப்பு டில்லியிலே சட்டமாயிற்று. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

உலகிலே பசி ஒழிந்ததா? 2023-இல் ஏறத்தாழ 73 கோடிப் பேர் பசித்திருந்தனர் என்பது ஐக்கிய நாடுகளின் கணக்கு. விளைச்சல் குறைவால் அல்ல. போரும் கடனும் விலையும் அவர்தம் தட்டைத் தட்டிப் பறிக்கின்றன. நிதி திரட்டும் நல்லவர்கள் இன்றும் திரட்டுகிறார்கள். லிட்டன்களும் ஓயவில்லை.

இங்கோ, 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் மதுரையிலே தொடங்கியது. 2023 ஆகஸ்டிலே 31,000-க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. எழுத்தறிவிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இதன் பொருள் வெளிப்படை. முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளை சோம்பேறி அல்லன் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். வடபழனியிலே முருகன் பெயரால் அன்னம் இடுவோர் உண்டு. உண்போர் வாழ்க, நமக்குக் காழ்ப்பில்லை. ஆனால் அங்கே உண்டவன் கைகூப்பி வெளியேற வேண்டும். பள்ளியிலே உண்ட பிள்ளை கையைக் கழுவிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறான், எவருக்கும் கடன்பட்டவனல்லன்.

காசியிலும் சேரன்மாதேவியிலும் கண்ட மற்றொரு முகம்தான் இன்னும் மறையவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றிலே, சத்துணவு சமைக்க வந்த பெண் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதற்காக, ஊரார் சிலர் எதிர்த்துப் பள்ளியைப் பூட்டினர். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? அப்பெண்ணை வேறிடத்துக்கு மாற்றினர்! பெரியாரியத் தோழர்களும் ஒடுக்கப்பட்டோர் அமைப்புகளும் பொதுவுடைமையரும் திரண்டு போராடிய பிறகு அம்மாற்றம் விலக்கப்பட்டது. எதிர்த்தவர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று.